செருப்பில்லாத தவக்காலம்

நேர்ச்சை நேர்ந்த அன்று முதலில் என் வாய்வரை வந்தது மீன்தான். ஆரோக்கியநாதர் திருவிழாவின் கடைசி நாள். பீடத்துக்கு முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, "மூணு மாசச் சர்க்கரை எட்டுக்குக் கீழ வந்துட்டா, வாற தவக்காலம் பூரா மீனைத் தொடமாட்டேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. நாற்பது நாள் சாளைக் குழம்பு இல்லாத சோற்றை யார் தின்பது? ஆனால் எதையாவது சொல்லியாக வேண்டும். பின்னால் நிற்பவர் முதுகில் இடிக்கிறார், என் முறை போய்க்கொண்டிருக்கிறது. குனிந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்த என் கால் இரண்டும் தெரிந்தன. "செருப்பு போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவு அவசரத்தில் வேறு எவனும் தன் வலது காலைத் தூக்கிக் கொடுத்திருக்க மாட்டான்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். அந்தத் திருவிழாவுக்கு எட்டு மாதம் முன்புதான் டாக்டர் மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்து என் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்றேன். பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூடிய பிறகு ஒன்றும் தெரியவில்லை. "காலுல உணர்ச்சி போயிட்டிருக்கு. வீட்டுக்குள்ளகூட செருப்பு இல்லாம நடக்கக் கூடாது" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினேன். அதே தலைதான் பீடத்துக்கு முன்னால் போய்ச் செருப்பை விட்டுக்கொடுத்தது. டாக்டர் சொன்னது மறந்துபோயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். புனிதருக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

தை மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஏழு புள்ளி எட்டு. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினேன்.

"மாத்திரைய மாத்தி எழுதுனது டாக்டரு. பேரு மட்டும் ஆரோக்கியநாதருக்கா?" என்றாள் மனைவி.

"ஏட்டி, டாக்டருக்கு அந்தப் புத்தியக் குடுத்தது யாரு?"

"செரி. அப்ப டாக்டருக்கு முன்னாடி போய் முட்டுக்குத்தி நில்லுங்க."

என்ன நேர்ந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. விபூதி புதனன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்து, வாசலில் கிடந்த என் செருப்பைத் தாண்டி நடந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது.

"செருப்ப மறந்துட்டியளே."

"மறக்கல்ல."

நின்றாள். என் காலைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவளே அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது, "ஒங்க அப்பாவுக்கக் கால மறந்தாச்சா?" என்று கேட்டாள்.

எப்படி மறப்பேன். அப்பாவுக்கும் சர்க்கரைதான். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்கால். அதற்குப் பிறகு அப்பாவையே எடுத்துக்கொண்டு போனோம். பதினாலுக்குப் பதில் நாலே நிலைகளில் முடிந்துபோன சிலுவைப்பாதை அது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது நான். அதனால்தான் எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த வழியில் முதல் காலடி வைப்பதற்குப் பதிலாக எந்தப் பொய்யையும் சொல்லத் தயாராக இருந்தேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஏக மரியாதை. தக்கலையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "தவசு காலமா அண்ணாச்சி?" என்று கேட்டு உட்கார இடம் பிடித்துத் தந்தார். பட்டா நகல் எடுக்க வந்த ஒரு பாட்டியம்மா என் காலைப் பார்த்துவிட்டுத் தனக்காகவும் ஜெபிக்கச் சொன்னார். ஊரில் எல்லோரையும் கேலி பேசியே ஐம்பத்திரண்டு வயதைக் கடத்தியவன் நான். என்னை யாரும் பக்தன் என்று நினைத்தது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பைக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம். மனைவி வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "டைல்ஸுல இது என்ன செவப்பு?" என்றாள். கதவிலிருந்து கட்டில்வரை ஒரு அடி விட்டு ஒரு அடி, பொட்டு பொட்டாக.

"ஸ்டாம்ப் பேடு மை. கடையில சிந்திச்சு" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது அதை நானும் நம்பினேன். குளியலறைக்குள் போய்த்தான் காலைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பாதத்தைப் பார்க்க என் வயிறு விடவில்லை. போனைக் காலுக்கு அடியில் பிடித்துப் போட்டோ எடுத்தேன். பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் ஒரு வெள்ளி மினுக்கம். ஸ்டேப்ளர் பின். என் கடைத் தரையில் எப்போதும் கிடக்கிற பின். எத்தனை நாளாக அது உள்ளே இருந்தது, எத்தனை தடவை அதை மிதித்துக்கொண்டு நின்று மற்றவர்களுடைய சாதிச் சான்றிதழுக்கு நகல் எடுத்தேன் என்று தெரியவில்லை. நகவெட்டியால் பிடுங்கினேன். வலிக்கவில்லை. அதே இடத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், அப்போதும் வலிக்கவில்லை.

குருசுமலைக்கு யாத்திரை ஏறும்போது கல் குத்தியது என்றால் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் உண்டு. ஸ்டேப்ளர் பின்னை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது? நேர்ச்சையை முறித்துச் செருப்பு போட்டால் புனிதர் கோபிப்பார் என்று ஒரு பயம். போடாவிட்டால் கால் போகும் என்று ஒரு பயம். டாக்டரிடம் போனால் கால் இன்றைக்கே போகும் என்று மூன்றாவது பயம். மூன்றில் எது பெரிது என்று யோசித்து, கடைசியில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு போட்டோ. வேறு ஆட்களுடைய போனில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், என் போனில் என் பாதம். வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் பிறை வளர்வது மாதிரி இருந்தது. முதலில் கடுகு, பிறகு மிளகு, பிறகு புளியங்கொட்டை. ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஒருவனிடம் மட்டும் காட்டினேன். கடைக்கு அடுத்த கடை மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கும் நண்பன். சி.எஸ்.ஐ.காரன். இருபது வருடமாக அவன் எங்கள் புனிதர்களைக் கேலி செய்கிறான், நான் அவர்களுடைய நீண்ட ஜெபத்தைக் கேலி செய்கிறேன்; அப்படித்தான் எங்கள் சிநேகம்.

"லேய் மக்கா, இது எத்தன நாளாச்சு?"

"ஒரு வாரம் இருக்கும். ஆயின்மென்ட் ஏதாச்சும் குடு."

"ஆயின்மென்டா? லே, இதுக்கு ஆயின்மென்ட் போட்டா, ஆயின்மென்டுதான் செத்துப்போவும். டாக்டருகிட்ட போ."

"போறேன். ஈஸ்டர் கழியட்டு."

"ஈஸ்டருக்கும் இதுக்கும் என்னவே சம்பந்தம்?"

நேர்ச்சையைச் சொன்னேன். கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தான். "எங்களுக்கு ஒரே ஆளு. நேரா மேல போயி கேப்போம். ஒங்களுக்கு காணாம போனதுக்கு ஒருத்தரு, தொண்டைக்கு ஒருத்தரு, கண்ணுக்கு ஒருத்தரு. தாலுகா ஆபீசு மாதிரி ஒவ்வொரு சீட்டா ஏறி எறங்கணும். அப்படி எறங்குனாலாவது செருப்பு போட்டுக்கிட்டு எறங்குலே."

ஆயின்மென்டுக்குக் கையை நீட்டினேன். அவன் மருந்தைப் பொதிந்து தந்துவிட்டு, மெதுவாக, "மக்கா, மணம் வருது. ஒனக்குத் தெரியல்லியா?" என்றான். அவன் கேலி செய்யாமல் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை எங்கள் பங்குக் கோயிலிலிருந்து தெருவழியாகப் போகும். அந்த வாரம் நான் நொண்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிலையிலும் முட்டுக்குத்தி எழும்போது பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "பாரு, அந்தக் கேலிக்காரனுக்கு ஆண்டவரு எப்பேர்ப்பட்ட பக்தியக் குடுத்திருக்காரு" என்று கண்கலங்கப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. உண்மையைச் சொல்வதானால், அதற்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினேன்.

அந்தப் பக்திதான் என்னை மாட்டிவைத்தது. ஐந்தாம் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கூப்பிட்டார். இளவயது, வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"பெரிய வியாழன் பாதம் கழுவுற சடங்குக்கு ஒங்க அன்பியத்துல இருந்து நீங்க உக்காரணும்."

எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியம். பதினைந்து இருபது வீடு சேர்ந்தால் ஒரு அன்பியம். அன்பியத்துக்கு ஒரு ஆண், ஆக பன்னிரண்டு சீடர்கள். வரிசைப்படி உட்காருவார்கள். எங்கள் அன்பியம் கடைசி. எங்கள் நாற்காலி பன்னிரண்டாவது. ஊரில் அதற்கு யூதாஸ் நாற்காலி என்று பெயர். முன்பிருந்த சாமியார் ஒருவர் இந்தப் பேச்சை நிறுத்துவதற்காக அந்த நாற்காலியின் முதுகில், யூதாஸுக்குப் பதிலாகச் சேர்ந்த சீடரின் பெயரை, 'மத்தியா' என்று எழுதி ஒட்டிப் பார்த்தார். ஜனங்கள் மத்தியாவையே யூதாஸ் என்று கூப்பிட ஆரம்பித்தார்களே தவிர, பேச்சு நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அதில் உட்கார்ந்தவருக்கு மறுவாரமே தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து தோள் இறங்கியது. அதிலிருந்து எங்கள் அன்பியத்தில் பெரிய வியாழன் வந்தால் ஆண்களுக்கெல்லாம் எங்கேயாவது ஒரு கல்யாணம் இருக்கும்.

"ஃபாதர், நான் வேண்டாம். நான் சிரிச்சிருவேன்."

"ஒரு மாசமா செருப்பில்லாம நடக்குறிய. ஒங்கள விட்டா யாரக் கூப்பிடுவேன்?"

அப்போதே வேட்டியைத் தூக்கி, "இதைப் பாருங்க ஃபாதர்" என்று காட்டியிருக்கலாம். நான் சொன்னது, "அப்ப முப்பது வெள்ளிக்காசையும் பூசைக்கு முன்னாடியே தந்துருங்க." அவர் சிரித்தார். வேலை முடிந்தது.

அன்று மத்தியானம் கோயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே போனேன். ஆரோக்கியநாதரிடம் நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்று திட்டம். போனால், காலைப் பூசைக்குப் பிறகு எல்லாச் சொரூபங்களுக்கும் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஐந்தாம் ஞாயிறிலிருந்து ஈஸ்டர்வரை அப்படி மூடிவைப்பது வழக்கம் என்பது எனக்கு நினைவே வரவில்லை. இந்தப் புனிதருடைய சொரூபம் தெரியுமில்லையா: கொள்ளைநோய்க்காரர்களுக்குப் பணிவிடை செய்து, தனக்கும் நோய் வந்து, தொடையில் புண். ஒரு கையால் அங்கியை விலக்கி அந்தப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அந்தப் புண்தான். எவ்வளவு பெரிது, என்ன நிறம், ஓரம் கறுப்பா சிவப்பா என்று பார்த்துவிட வேண்டும். போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு துணிக்குள் தலையை விட்டேன்.

"யாருவே அது, சொரூபத்துக்குள்ள?"

கோயில் பிள்ளை. பூசைக்கு எடுத்துவைக்கிற, மணியடிக்கிற வயதானவர். குரல் மட்டும் கேட்டது.

"நாந்தான்."

"நாந்தான்னா? புனிதரா பேசுதாரு?"

"துணி கிழிஞ்சிருக்கான்னு பாத்தேன்."

"கிழிஞ்சதை வெளிய இருந்து பாத்தா தெரியாதோ? கல்யாணப் பொண்ணுக்க முக்காட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி நிக்கீரு. வெளிய வாரும்."

வெளியே வருவதற்குள் பார்த்துவிட்டேன். சுண்டைக்காய் அளவு. வட்டமாக, சுத்தமாக, நடுவில் ஒரு சொட்டு சிவப்பு. என்னுடையதில் பாதிகூட இல்லை. அதைவிட ஒன்று அந்த இடத்தில்தான் உறைத்தது. ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன்னால் பெயிண்டர் வந்து அந்தப் புண்ணுக்குப் புதுச் சிவப்பு அடித்துவிட்டுப் போவார். நானே ஏணி பிடித்திருக்கிறேன். தன் புண்ணையே ஆறவிடாமல் வருடாவருடம் புதுப்பித்து வைத்திருக்கிற ஒருவரிடம் போய் என் புண்ணை ஆற்றித் தரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய வியாழன் சாயங்காலம். கழுவப்போகிற காலைக் கழுவிக்கொண்டு போவது எங்கள் ஊர் வழக்கம். பன்னிரண்டு வீட்டிலும் அன்று ஆண்களின் குதிகாலை மனைவிமார் கல் வைத்துத் தேய்ப்பார்கள், சாமியாருக்கு முன்னால் மானம் போய்விடக் கூடாது என்று. "வாங்க, தேய்ச்சு விடுதேன்" என்றாள் மனைவியும். "நானே தேய்ச்சாச்சு" என்று குளியலறையைத் தாழிட்டேன். புது பேண்டேஜ் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் ஒட்டி, அரை டப்பா பவுடரைக் கொட்டினேன். வழக்கமாகக் கழுவுவது வலது கால். நான் இடதை நீட்டுவேன், சாமியாரும் பன்னிரண்டாவது ஆளிடம் வரும்போது முதுகு வலியில் எந்தக் கால் என்று பார்க்க மாட்டார். இதுதான் திட்டம். பதினோராவது நாற்காலிக்காரர் என் பக்கம் குனிந்து முகர்ந்து, "என்ன மச்சான், கொழுந்தியாளுக்குக் கல்யாணமா?" என்றார்.

சாமியார் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு, அடுத்தது. என்னிடம் வந்து மண்டியிட்டார். இடதை நீட்டினேன். நிமிர்ந்தார்.

"வலது கால்."

"இடதே போதும் ஃபாதர்."

"எல்லாருக்கும் வலதுதான். நீட்டுங்க."

"வேண்டாம் ஃபாதர். அதுல புண்ணு இருக்கு."

அவருடைய கழுத்தில் காலர் மைக் இருந்தது. இது எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அதில்தான் பிரசங்கம் கேட்கிறேன். பதற்றத்தில் மறந்துபோனேன். 'அதுல புண்ணு இருக்கு' என்று என் குரல் எட்டு ஸ்பீக்கரிலும், கோபுரத்துக் குழாயிலும், அதற்கு அப்பால் வாழைத் தோப்பிலும் எனக்கே கேட்டது. பாடகர் குழு பாடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு அடி தடுக்கி மறுபடி நடந்தது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் மனைவியின் தலை திரும்பியதைப் பார்த்தேன்.

சாமியார் மைக்கைக் கையால் பொத்தினார். வேட்டியின் ஓரத்தை விலக்கி, மஞ்சளாக ஊறியிருந்த பேண்டேஜைப் பார்த்தார். முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை. பாவம், விலக்கிக்கொள்ள நினைத்தது தெரிந்தது.

"எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வாரம்."

"வீட்ல தெரியுமா?"

"இப்பத் தெரியும் ஃபாதர்."

இடது காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். எழும்போது, "நாளைக்குக் காலையில நானே வண்டி எடுத்துட்டு வாறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி திட்டவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேண்டேஜைப் பிரித்தாள். பார்த்தாள். திரும்பச் சுற்றினாள். கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஏதாச்சும் சொல்லு."

"நாத்தம் எனக்கு அப்பவே தெரிஞ்சுது. எலி செத்துக் கெடக்குன்னு மூணு நாளா வீடு பூரா தேடுனேன்."

ஆமாம். தேடினாள். அலமாரியை நகர்த்த ஒரு கை பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். "இங்க இல்லியே, மேல பரண்ல இருக்கும்" என்று டார்ச் அடித்துக் காட்டியவனும் நான்தான்.

"எலிய எங்கையோ தேடுனேன் பாத்தியளா" என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரிய வெள்ளி. ஊரில் எல்லோரும் கோயிலில் கஞ்சியும் பயறும் குடித்துக்கொண்டிருந்த நேரம் நான் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில். பெண் டாக்டர், என் மகள் வயது. கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். கம்பி எங்கேயோ டக்கென்று தட்டியது. எலும்பு.

"செருப்பு போடாமலா நடந்தீங்க?"

"நேர்ச்சை, டாக்டர்."

"எதுக்கு?"

"சர்க்கரை குறையணும்னு."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெருவிரலும் பக்கத்து விரலும் எடுக்கணும். ரத்த ஓட்டம் முழங்காலுக்குக் கீழ ரொம்பக் கம்மி. இப்ப விரல். அப்புறம் பாப்போம்" என்றார். அந்த 'அப்புறம் பாப்போம்' எனக்குப் பழக்கமான வார்த்தை. அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். இந்த முறை நோயாளி என்று எழுதியிருந்த இடத்தில்.

சனிக்கிழமை விரல்கள் போயின. ஈஸ்டரன்று நண்பன் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணை மூடி, அவர்கள் வழக்கப்படி நீளமாக ஜெபம் செய்தான். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன், எப்போது முடிப்பான் என்று. ஜெபத்தின் நடுவில் அவன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். உடனே கண்ணை மூடிக்கொண்டேன். முடித்ததும், "ஒங்க ஒரே ஆளு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல்ல மக்கா" என்றான்.

மழைக்காலத்தில் பாதத்தின் முன்பாதி போயிற்று. அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது வந்து ஆசீர் கொடுத்தார். கடையை மூடிவிட்டேன். திருவிழாவுக்கு நான் போகவில்லை, ஏணி பிடிக்க வேறு யாராவது நின்றிருப்பார்கள்.

வீட்டில் ஒன்றைக் கவனிக்க எனக்கு வெகுநாள் பிடித்தது. எனக்குத் தினமும் மீன் வருகிறது. அவள் தட்டில் பருப்பு. கேட்டால் "வயிறு செரியில்ல" என்கிறாள். எட்டு மாதமாக ஒருத்திக்கு வயிறு சரியில்லாமல் போகுமா? யாரிடம் என்ன நேர்ந்திருக்கிறாள், எதுவரைக்கும் நேர்ந்திருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் கால் ஆறும்வரை என்று சொல்லிவிட்டால் அவள் இனி எப்போது மீன் சாப்பிடுவது.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கி இரண்டாம் வாரம் குதிகால் கறுத்தது. இந்த முறை ஒளிக்கவில்லை. அன்றைக்கே காட்டினேன், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொன்னபடி மாத்திரை, சொன்னபடி ஊசி, வீட்டுக்குள்ளும் செருப்பு, எல்லாம் ஒழுங்காக இருந்தேன் என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். ஒழுங்காக இருந்ததற்கு அவரிடம் தர ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு எடுக்கலாம், முழங்கால் இருந்தால் செயற்கைக் கால் வைத்து நடந்துவிடலாம் என்றார். அந்த நாலு விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தோம். மனைவி கையை வைத்து அளந்துகூடப் பார்த்தாள்.

ஆபரேஷன் சூசையப்பர் திருநாளன்று விழுந்தது.

"நல்ல நாளு" என்றாள் மனைவி.

"ஏட்டி, அவரு நல்ல மரணத்துக்கு உள்ள ஆளு. எடம் மாறி வந்துட்டோமா?"

"சும்மா கெடங்க."

காலையில் நர்ஸ் வந்து போர்வையை விலக்கினாள். எந்தக் கால், எந்த இடம் என்று தியேட்டரில் குழப்பம் வராமல் இருக்கப் பேனாவால் அம்புக்குறி போடுவார்கள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

மனைவிதான் முதலில் பார்த்தாள். அவள் கை என் தோளில் இருந்தது, அது இறுகியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்பு முழங்காலுக்கு மேலே, தொடையில் இருந்தது.

"சிஸ்டர், பேனா வழுக்கி மேல போயிட்டா?" என்றேன்.

"இல்ல. காலையில ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் அங்கதான் போடச் சொன்னாங்க" என்றாள்.